எந்த அடுப்பில் வெந்தது?

ஊர்ப் பொதுத் தோட்டத்தின் விதையறைச் சாவி பெரியவளின் இடுப்பில் தொங்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பொய் சொல்லக் கூடாது, மாறித்தான் போயிருந்தது. முன்பெல்லாம் தெருவோரமாகப் போகிறவள், இப்போது தெரு நடுவில் போனாள். சாவி குலுங்குகிற சத்தம் முன்னால் போகும், அவள் பின்னால் போவாள்.

அந்தச் சத்தம்தான் இரண்டு நாளாக அடங்கிக் கிடக்கிறது.

விதையறையைத் திறந்தவள் பயறு மூட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள் என்று போன வாரம் சொன்னேன் அல்லவா. மூட்டையின் வாய் கட்டித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டு அவள் போட்ட கட்டு இல்லை. தூக்கிப் பார்த்தால் மூட்டை லேசாக வந்தது. அடுத்த போகத்துக்கு என்று வைத்த விதையை யாரோ கொஞ்சம் கொஞ்சமாக அள்ளியிருக்கிறார்கள். சாவியோ அவள் இடுப்பில். ஊர் என்ன சொல்லும்? வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லும். சொல்லவும் ஆரம்பித்துவிட்டது.

பெரியவள் அடுப்படியில் உட்கார்ந்து சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடி கரிந்து போயிருந்தது. எவ்வளவு தேய்த்தும் கருப்பு போகவில்லை.

"ஏங்க, இந்தச் சட்டிய யாரு அடுப்புல ஏத்தினது?"

டிராக்டர்காரர் வாசலில் உட்கார்ந்து செருப்பில் அப்பிய சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். பொதுத் தோட்டத்து டிராக்டரை ஓட்டுகிறவர் என்பதால் ஊருக்கு அவர் டிராக்டர்காரர். மனைவிக்கு அவர் எதுவும் இல்லை, வீட்டில் இருக்கிற ஒரு ஆள்.

"தண்ணி வெச்சேன். மறந்துட்டேன்."

"தண்ணி வெச்சா சட்டி கரியுமா? உலகத்துல இல்லாத அதிசயமா இருக்கு."

"வத்திப்போச்சு. கரிஞ்சுது."

"ஒரு வேலைய உருப்படியா செய்யத் தெரியாது. தோட்டத்துலேருந்து நேரத்தோட வந்தா சும்மா கெடக்க வேண்டியதுதானே. அடுப்பத் தொடச் சொல்லி யாரு அழுதா?"

அவர் அடுத்த செருப்பை எடுத்தார். சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"இன்னைக்கு மத்தியானம் கூட்டம். தெரியுமில்ல?"

"தெரியும்."

"திருடி யாருன்னு எனக்கு எப்பவோ தெரியும். இன்னைக்கு ஊருக்குத் தெரிய வெக்கறேன்."

டிராக்டர்காரரின் குச்சி நின்றது. "கொஞ்சம் பயறுதானே. விட்டுடேன்."

"கொஞ்சம் பயறா? போற வாறவளெல்லாம் என் இடுப்பப் பாத்துட்டுச் சிரிக்கறா. உங்களுக்கு என்ன, டிராக்டர் மேல ஒக்காந்தா தரையில நடக்கறது தெரியாது."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிரித்தது. பெரியவள் சுவரை முறைத்தாள்.

அந்தச் சுவர் அவள் எழுப்பிய சுவர்தான். ஆறு மாதம் முன்பு வரை இந்த வீட்டில் ஒரே அடுப்பு. அண்ணன் தம்பி இருவரும், அவர்கள் மனைவிகளும் ஒரே சட்டியில் பொங்கித் தின்றார்கள். தம்பி கட்டட வேலைக்கு என்று பெருநகரம் போனான். முதலில் தகவல் வந்தது. பிறகு தகவல் குறைந்தது. பிறகு அதுவும் நின்றது. நின்ற அந்த மாதமே பெரியவள் செங்கல்லைக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிக்கொண்டே சுவர் வைத்தாள். தம்பி மனைவியான சின்னவளுக்கு முன்னறையும் ஒரு ஒற்றை அடுப்பும் கிடைத்தன.

அடுப்பு பிரிவது இந்த ஊரில் சாதாரண விஷயம் இல்லை. மழை பொய்த்த வருஷம், ஊருக்கு வெளியே கரடாகக் கிடந்த நிலத்தில் எல்லாரும் சேர்ந்து கல் பொறுக்கி, கிணறு தூர் வாரி, பொதுவில் தோட்டம் போட்டார்கள். கிழங்கு, பூசணி, பயறு என்று விளைவதை ஆளுக்கு ஆள் பிரிப்பதில்லை, அடுப்புக்கு அடுப்பு பிரிப்பார்கள். இரண்டு பேர் வேலைக்கு வருகிற அடுப்புக்கு முழுப் பங்கு. ஒருவர் மட்டும் வந்தால் அரைப் பங்கு.

ஆக, பெரியவள் வீட்டில் வேலைக்கும் இரண்டு பேர், சாப்பாட்டுக்கும் இரண்டு பேர், முழுப் பங்கு. மிஞ்சுகிற கிழங்கு நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு மூட்டையாகப் போகும். சின்னவளுக்கும் அவள் நாலு வயசு மகளுக்கும் அரைப் பங்கு. பாத்தியில் குதித்துக் குதித்துப் போவதால் அந்தக் குழந்தைக்கு ஊர் வைத்த பெயர் தவளை.

அரைப் பங்கில் வயிறு நிறையாது. நிறையாத வயிறுதான் திருடும். பெரியவளின் கணக்கு அவ்வளவுதான். அதில் தப்பு இருக்கும் என்று அவளுக்குக் கனவிலும் தோன்றவில்லை.

*

தோட்டத்தில் விசில் ஒலித்தது. பெண்கள் பூசணிப் பாத்தியில் களை எடுக்க இறங்கினார்கள்.

பெரியவள் வேண்டுமென்றே சின்னவளுக்குப் பக்கத்து வரிசையைப் பிடித்தாள். சின்னவள் நிமிராமல் கொத்திக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

"என்ன சின்னவளே, ஒன் மக கன்னம் கொஞ்சம் உப்பி இருக்கே."

"அப்படியாக்கா? எனக்குத் தெரியல."

"பெத்தவளுக்குத் தெரியாமப் போகுமா? அரைப் பங்குல வளர்ற பிள்ளை மாதிரி இல்லையே. பயறு கியறு ஏதாவது குடுக்கறியா?"

சின்னவள் கொத்துவதை நிறுத்தினாள். "அக்கா, பசிக்குதுன்னா அழுவேன். ஒங்க வாசல்ல வந்து கேட்டிருக்கேன், நீங்க இல்லேன்னு சொல்லியிருக்கீங்க, திரும்பிப் போயிருக்கேன். விதைய எடுக்க மாட்டேன்."

"நான் ஒன்ன எதுவும் சொல்லலியே. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேன்னு நீயா எதுக்குச் சொல்ற?"

அக்கம்பக்கத்து வரிசையில் சிரிப்பு கிளம்பியது. சின்னவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

தவளை இரண்டு பாத்திகளைத் தாண்டிக் குதித்து வந்து பெரியம்மாவின் முன்னால் நின்றது. கையில் ஒரு பூசணிப் பூ.

"பெரியம்மா, இந்தா."

"பூவப் பறிச்சா காய் எப்படி வரும்? ஒங்க வம்சத்துக்கே வெளையறதுக்கு முன்னாடி தின்னுற புத்திதான்." பூவை வாங்கி, கசக்கி, பாத்தியில் போட்டாள்.

குழந்தை கசங்கின பூவைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, பிறகு ஒன்றும் நடக்காதது போலக் குதித்துப் போய்விட்டது. பெரியம்மாவிடம் அதற்கு இதெல்லாம் பழக்கம்.

களை எடுத்துக்கொண்டே பெரியவள் மனசுக்குள் தன் வலையை இன்னொரு முறை சரிபார்த்தாள். அது எளிமையான வலைதான். விதைப் பயறில் வண்டு விழாமல் இருக்க ஒவ்வொரு வருஷமும் மருந்துத் தூள் கலந்து வைப்பார்கள். சிவப்பு மருந்து, பார்த்தாலே தெரியும், யாரும் தொடமாட்டார்கள். இந்த வருஷம் மருந்து கிடைக்கவில்லை. பெரியவள் அடுப்புச் சாம்பலைத்தான் கலந்து வைத்திருந்தாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். விதையறைக்குள் வேறு யாருக்கும் வேலை இல்லையே.

சாம்பல் கலந்த பயறை விஷம் கலந்த பயறு என்று சொன்னால் போதும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். பிள்ளைக்கு ஊட்டினவள் துடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். சாட்சியும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம்.

இந்த யோசனை வந்த நேரத்தில் தன் புத்தியை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. அவ்வளவு கெட்டிக்காரி.

*

மத்தியானம் மோட்டார் கொட்டகை நிழலில் கூட்டம் கூடியது. ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் ஆள் வந்திருந்தது. விசில்காரர் கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்தார். முன்பு பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், அந்த விசிலைத்தான் இன்னும் கழுத்தில் போட்டிருக்கிறார். தோட்டத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"விதை குறைஞ்சது எல்லாருக்கும் தெரியும். எடுத்தவங்க தானா சொல்லிட்டா நல்லது."

சின்னவள் ஒரு மூலையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தவளை அவள் மடியில் தலை வைத்து, அவள் வளையலை உருட்டிக்கொண்டிருந்தது. டிராக்டர்காரர் வெளியே, டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து நின்றார்.

தையல்காரி எழுந்தாள். நல்ல மனசுக்காரி. "அண்ணே, இந்த வருஷம் எல்லா வீட்லயும் கஷ்டம்தான். பசியில யாரோ கைய வெச்சுட்டாங்க. யாருன்னு தெரிஞ்சா வர்ற பங்குல கொஞ்சம் குறைச்சுக்கலாம். அடுப்ப அணைக்கற அளவுக்குப் போக வேண்டாம்."

பல தலைகள் ஆடின. விசில்காரரின் தலையும் ஆடப் பார்த்தது.

"அதெப்படி?" பெரியவள் எழுந்துவிட்டாள். "விதையத் தின்னா அடுப்ப அணைக்கணும்னு சட்டம் போட்டது யாரு? நாமதானே? தச்சர் வீட்டு அடுப்ப அணைச்சப்போ எல்லாரும் குடம் தூக்கிட்டுத்தானே போனீங்க? அப்போ இல்லாத இரக்கம் இப்போ எங்கேருந்து வந்துது?"

கூட்டம் தரையைப் பார்த்தது. முன்பு ஒரே ஒரு முறை அது நடந்திருக்கிறது. தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் அடுப்பில் ஊற்றுவார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் பங்கு கிடையாது. தோட்டத்தை விட்டால் இந்த ஊரில் தின்ன வேறு ஒன்றும் விளைவதில்லை. தச்சர் குடும்பம் ஒரு வாரத்தில் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனது.

"எடுத்தது யாரா வேணா இருக்கட்டும்," பெரியவள் நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னாள். "எந்த அடுப்புல அந்த விதை வெந்துச்சோ, அந்த அடுப்ப அணைக்கணும். அது என் சொந்தக்காரி அடுப்பா இருந்தாலும் சரி, என் அடுப்பா இருந்தாலும் சரி. குறைக்கறது, மன்னிக்கறது எல்லாம் கூடாது."

"அப்போ அதுல ஒனக்குச் சம்மதம்," என்றார் விசில்காரர்.

"நூத்துக்கு நூறு."

"கை தூக்குங்க." கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. தையல்காரியின் கை கடைசியில் எழுந்தது. சின்னவளும் கை தூக்கினாள். அதைப் பார்த்துப் பெரியவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. தூக்கு, நல்லாத் தூக்கு.

"இன்னொண்ணு சொல்லணும்," என்றாள் பெரியவள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "விதை குறையுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே நான் மூட்டையில மருந்து கலந்துட்டேன். புது மருந்து, சிவப்பா இருக்காது, வெந்தா வாசனையும் தெரியாது. அதுக்கப்புறமும் ஒரு கிண்ணம் எடுத்திருக்காங்க. நேத்து."

முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி தன் பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பெரியவங்க தின்னா தாங்கிடுவாங்க. சின்னப் பிள்ளை தின்னா மெதுவா வேலை செய்யும். மொதல்ல வயிறு வலிக்கும், அப்புறம் கண்ணு சொருகும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போனா காப்பாத்தலாம். சாயங்காலம் ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல."

சொல்லிவிட்டு மூலையைப் பார்த்தாள்.

சின்னவள் அசையவில்லை. குழந்தையின் வாய் ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். யார் வீட்டுப் பிள்ளையோ பாவம் என்கிற மாதிரி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நடிக்கிறாள் என்று நினைத்தாள் பெரியவள். எவ்வளவு நேரம் நடிப்பாள், பார்க்கலாம்.

வெளியே ஸ்பானர் ஒன்று கீழே விழுந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். டிராக்டர்காரர் கொட்டகை வாசலில் நின்றார். வேர்த்துக் கொட்டியது. நடந்து உள்ளே வந்து, பெரியவளைத் தாண்டி, சின்னவளின் முன்னால் போய் மண்டியிட்டார்.

"தவளை நேத்து தின்னுச்சும்மா. நான்தான் குடுத்தேன்."

"என்ன மாமா சொல்றீங்க?"

"பயறு. நான்தான் வேக வெச்சுக் குடுத்தேன். நேத்து நெறையத் தின்னுச்சு."

சின்னவளுக்கு அது புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் அவள் கத்தவில்லை. குழந்தையை வாரிக்கொண்டு மோட்டார் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள். யாரோ உப்பு கொண்டுவந்தார்கள். தையல்காரி குழந்தையின் தலையைப் பிடித்தாள், சின்னவள் உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றினாள். குழந்தை திமிறியது. மூக்கில் ஏறி இருமியது.

"வேண்டாம்மா. கரிக்குதும்மா."

"குடிடி. குடி தங்கம். இன்னும் ஒரு வாய்."

"பெரியப்பா சொல்லக் கூடாதுன்னாரு. அதான் சொல்லல. அடிக்காதம்மா."

சின்னவள் விரலை உள்ளே விட்டாள். குழந்தை வாந்தி எடுத்தது. மறுபடி ஊற்றினார்கள், மறுபடி எடுத்தது. காலையில் குடித்த கஞ்சி, பிறகு தண்ணீர், பிறகு வெறும் நுரை.

பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு வார்த்தை போதும் என்று அவளுக்குத் தெரியும். மருந்து இல்லை, சாம்பல்தான், சும்மா சொன்னேன். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கண் முன்னால் புருஷன் மண்டியிட்டுக் கிடக்கிறார், சின்னவளின் பிள்ளைக்காக. பெரியவள் குளிக்கப் போகும்போது மட்டும் ஆணியில் மாட்டுகிற சாவியை எடுத்திருக்கிறார், தன் மனைவியை ஊர் சிரிக்க வைத்திருக்கிறார். எரிச்சல் அந்த வார்த்தையை அமுக்கிவிட்டது. கொஞ்சம் வாந்தி எடுத்தால் பிள்ளை செத்தா போகும், அவளும் கொஞ்சம் துடிக்கட்டும்.

இப்படியும் ஒரு பெண் நினைப்பாளா என்று கேட்காதீர்கள். நினைத்தாள்.

"அண்ணே," என்று விசில்காரர் பக்கம் திரும்பினாள். "பயறு யாரு வயித்துக்குள்ள போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. இவரு ஏமாளி, எடுத்துக் குடுத்திருக்காரு. தின்னது அந்த அடுப்பு. கை தூக்கினதெல்லாம் ஞாபகம் இருக்கட்டும்."

விசில்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளையப் பாரும்மா மொதல்ல."

"பிள்ளைய அவ பாக்கறா. விதையப் பாக்கறதுதான் என் வேலை. எந்த அடுப்புல வெந்துச்சோ அந்த அடுப்பு."

"அவ அடுப்புல இல்ல." டிராக்டர்காரர் எழுந்தார். இத்தனை வருஷத்தில் மனைவி பேசி முடிப்பதற்குள் அவர் பேசியது இதுதான் முதல் தடவை. "விதைய வீட்டுக்குள்ள கொண்டுவந்தாலே அவ விடமாட்டா. அதனால அவகிட்ட சொல்லவே இல்ல. நீ தோட்டத்துல இருக்கறப்போ, நம்ம வீட்லதான் வெச்சேன். நம்ம அடுப்புல."

"பொய்."

"காலையில சட்டி தேய்ச்சியே. கருப்பு போச்சா?"

பெரியவள் தன் கையைப் பார்த்தாள். நக இடுக்கில் கரி இன்னும் இருந்தது. தண்ணி வைத்தால் சட்டி கரியுமா என்று கேட்டதும் அவள்தான். உலகத்தில் இல்லாத அதிசயம் என்று சொன்னதும் அவள்தான்.

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தேவலை என்று இருந்திருக்கும்.

"தையல்காரி சொன்னப்பவே விட்டிருக்கலாம்," என்றார் விசில்காரர். "பங்குல கொஞ்சம் குறைச்சிருப்போம். நீதாம்மா கூடாதுன்ன." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "குடத்த ரொப்புங்க."

இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி எழுந்து கிணற்றுப் பக்கம் போனார்கள்.

*

தவளை துவண்டுவிட்டது. உப்புத் தண்ணீர் குடித்து, வாந்தி எடுத்து, அழுது, கண் மேலே சொருகியது. வயிறு வலிக்கிறது என்றது. பெரியவள் சொன்னபடியே எல்லாம் நடப்பதாக எல்லாரும் நினைத்தார்கள்.

"ட்ரெய்லர மாட்டு," என்றார் விசில்காரர். டிராக்டர்காரர் ஓடினார். ட்ரெய்லரில் சாக்கை விரித்தார்கள். சின்னவள் குழந்தையோடு ஏறினாள், தையல்காரியும் ஏறிக்கொண்டாள்.

"எந்த மருந்துன்னு டாக்டர் மொதல்ல அதைத்தான் கேப்பாரு," என்றார் விசில்காரர். "அதுக்குத் தகுந்த மாத்து மருந்து குடுக்கணுமில்ல. டப்பாவ எடுத்துட்டு வாம்மா. சீக்கிரம்."

பெரியவள் நடந்தாள். விதையறை கொட்டகைக்குப் பக்கத்திலேயேதான். இருந்தும் போய்ச் சேர வெகு நேரம் ஆனது போல் இருந்தது. பூட்டைத் திறந்தாள். உள்ளே இருட்டு, பயறு வாசனை, மூலையில் அவள் சலித்து வைத்த மிச்சச் சாம்பல்.

டப்பா எங்கே இருக்கிறது? இருந்தால்தானே எடுக்க.

இப்போதும் சொல்லலாம். வெளியே போய், டப்பா இல்லை, மருந்தே இல்லை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, இறக்குங்கள் என்று சொல்லலாம். சொன்னால்? அடுப்பு போனது போனதுதான். அதோடு பொய்க்காரி, பிள்ளையை வதைத்தவள் என்ற பேரும் சேரும். சொல்லாவிட்டால், விதையை உயிரைக் கொடுத்துக் காத்தாள் பாவம், புருஷன் கெடுத்துவிட்டான் என்றாவது நாலு பேர் பேசுவார்கள். குடத்தைத் தூக்கின கை கொஞ்சம் தயங்கவும் கூடும்.

மேல் பலகையில், கிழிந்த சாக்குகளுக்குப் பின்னால், ஒரு தகர டப்பா இருந்தது. அவளுக்கு முன்னால் சாவி வைத்திருந்தவர்கள் போட்டுவிட்டுப் போனது. எதற்கான மருந்து என்று அவளுக்குத் தெரியாது. ஒட்டியிருந்த தாளில் மண்டையோடு மட்டும்தான் மிச்சம், எழுத்தெல்லாம் கரையான் தின்றுவிட்டது.

டாக்டர் படித்தவர், பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டாள். வயிற்றைக் கழுவுவார்கள். கழுவினால் நல்லதுதான், அழுக்குப் போகும். தப்பான மருந்துக்குத் தப்பான மாற்று மருந்து ஏற்றினால் என்ன ஆகும் என்கிற இடம் வந்ததும், அந்த யோசனையை அப்படியே நிறுத்திவிட்டாள். அப்படி நிறுத்த அவளுக்குத் தெரியும்.

டப்பாவை எடுத்துத் தூசியைத் துடைத்தாள். நன்றாக, நேற்றுத் தொட்ட டப்பா மாதிரி தெரியும் வரை துடைத்தாள்.

வெளியே வந்தபோது டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. டப்பாவை ட்ரெய்லருக்குள் நீட்டினாள். சின்னவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இதானேக்கா?"

"அதான்."

"எவ்வளவு போட்டீங்கன்னு கேட்டா?"

"ரெண்டு கரண்டின்னு சொல்லு."

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள் அந்த இரண்டு கரண்டி. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

விசில்காரர் பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டினார். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து வைத்தாள். கிணற்றடியில் இருந்து இரண்டு பெண்களும் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுப் பாதையில் திரும்பினார்கள். காலையில் அவள் மூட்டிவிட்டு வந்த அடுப்பில் இன்னும் தணல் இருக்கும்.

ட்ரெய்லர் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. தவளையின் தலை அம்மாவின் மடியில் ஆடியது. சின்னவள் குனிந்து, வாசனை பார்க்கத்தான் போலிருக்கிறது, டப்பாவின் மூடியைத் திருகினாள்.

மூடி அசையவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்து மறுபடி திருகினாள். தையல்காரி வாங்கித் திருகிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சின்னவள் டப்பாவைக் கண் உயரத்துக்குத் தூக்கி மூடி ஓரத்தைச் சுற்றிலும் பார்த்தாள். துரு, தகரத்தையும் மூடியையும் ஒன்றாகக் கவ்விப் பிடித்திருந்தது. பல வருஷமாகத் திறக்காத டப்பா.

அவள் நிமிர்ந்தாள். தூரத்தில் சிறுத்துக்கொண்டிருந்த ட்ரெய்லரிலிருந்து அவள் பெரியவளைத்தான் பார்த்தாள். பெரியவளின் கை, தன்னையறியாமல், சாவி இல்லாத இடுப்பைத் தொட்டுப் பார்த்தது.